பித்த நரை என்று நினைத்த முடி

இன்று காலை கொள்ளுப்பேத்திக்குத் தலைக்கு ஊற்றினார்கள். சாம்பிராணிப் புகை காட்டி என் மடியில் போட்டபோது, ஈரம் உலர்ந்த தலையில் நெற்றிக்கு நேரே வெள்ளையாக ஒரு கீற்று எழுந்து நின்றது. கண்ணைத் திறந்தாள். ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். எனக்கு உடனே உன் ஞாபகம்தான் வந்தது, டாக்டரம்மா. நீ போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. இருந்தாலும் இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் நாம் அடுத்தடுத்த வீடு. பள்ளிக்கூடத்திலேயே உன்னை டாக்டரம்மா என்று கிண்டல் செய்வேன். நீ நிஜமாகவே டாக்டராகி திருச்சியில் வேலைக்குச் சேர்ந்த சமயம், நான் ஸ்ரீரங்கத்தில் கோயில் கைங்கர்யக்காரர் வீட்டு நாட்டுப்பெண்ணாகி, முதல் குழந்தையும் பெற்றிருந்தேன்.

பிரசவம் பொன்மலையில். மூன்றாம் மாதம் குழந்தையைப் புக்ககத்துக்குக் கொண்டுபோனேன். மாமியார் ஆரத்தி எடுத்துவிட்டுக் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். இரண்டு கண்ணும் பளீரென்று நீலம். தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனவர் சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. அப்புறம் பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம்.

"பொன்மலைல சட்டைக்காராள்ளாம் அக்கம்பக்கமாமே? இந்தக் கண்ணு எங்க வம்சத்துல யாருக்குடி இருக்கு?"

ஆங்கிலோ இந்தியர்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். அவர் எதைச் சொல்கிறார் என்பது வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது. என்னைக் கட்டியவர் கோயிலுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து போனார். என்னையும் குழந்தையையும் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவதென்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்பக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை போகட்டும் என்றார் மாமியார். என்ன பெருந்தன்மை! அப்படித் திரும்பிப்போன பெண்ணுக்கு அந்தக் காலத்தில் என்ன கதி என்று உனக்குத் தெரியும். காவிரி பக்கத்தில்தான் ஓடியது. அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

என் அப்பாவுக்குப் போன சேதியைக் கேட்டு, சனிக்கிழமையே நீ வந்து நின்றாய். வாசல் ரேழியைத் தாண்டி மாமியார் உன்னை உள்ளே விடவில்லை. நீ அதைச் சட்டை செய்யவே இல்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு, "என்ன அழகான கண்ணுடி இவளுக்கு!" என்றாய். அந்த வீட்டில் என் குழந்தையைப் பார்த்துச் சொல்லப்பட்ட முதல் நல்ல வார்த்தை. அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் எனக்கு அப்போதுதான் வந்தது.

குழந்தையின் கண்களுக்கு நடுவே விரலை வைத்து அளந்து பார்த்தாய். குல்லாயை அவிழ்த்து, முன்தலையில் இருந்த வெள்ளை முடியைப் பார்த்தாய். பிறகு என் கணவரை நிமிர்ந்து பார்த்தாய். அவருக்கும் கண் இரண்டும் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். பெண் பார்க்க வந்தபோது எங்கம்மா அதைத்தான் 'சாந்தமான முகம்' என்றாள். ஆனால் முன்தலையில் பார்க்க ஒன்றும் இல்லை. குடுமிக்காரர் இல்லையா, மழமழவென்று சிரைத்திருந்தது. நீ மாமியார் பக்கம் திரும்பினாய்.

"மாமி, வீட்டுக்காரி முழுகாம இருக்கறப்ப ஆம்பளைங்க சவரம் பண்ணிக்க மாட்டாங்க இல்லீங்களா? அப்ப உங்க பிள்ளைக்கு முன்னால முடி வளர்ந்திருக்குமே, என்ன நிறமா இருந்துச்சு?"

"பித்த நரை. கரிசலாங்கண்ணித் தைலம் தடவினேன், கேக்கலை."

"தலை முழுக்கவா?"

"இல்லையே, நெத்திக்கு நேரா மட்டும்..." என்றவர், குழந்தையின் தலையைப் பார்த்து அப்படியே நிறுத்திக்கொண்டார்.

மாமனார் எழுந்து வந்தார். சிரைத்த முன்தலையைத் தடவிக்கொண்டே, "நேக்கும் அதே எடம்தான். எங்கப்பாவுக்கும் உண்டு. சிரைச்சுண்டே இருக்கோமோல்லியோ, யார் பார்த்தா? எப்பவாவது வளர்ந்தாலும் பித்த நரைன்னு விட்டுட்டோம்." என்றார். பெருமாளே! தலைமுறை தலைமுறையாகச் சவரக்கத்தி மறைத்த சங்கதிக்கு நான் அல்லவா ஊரைவிட்டுப் போக இருந்தேன்!

நீ அதோடு நிறுத்தவில்லை. நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் உனக்கு என்றைக்கும் கிடையாது. குழந்தையின் பின்னால் பித்தளைச் சொம்பைக் கீழே போட்டாய். மாமியார் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார். குழந்தை அசையவில்லை. மறுபடி போட்டாய். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவளுக்குக் காது கேக்கலைடி" என்றாய். முடி, கண், காது எல்லாம் ஒரே வேரிலிருந்து வருவது, வெளிநாட்டுக் கண் டாக்டர் ஒருவர் சமீபத்தில்தான் எழுதியிருக்கிறார் என்று விளக்கினாய்.

"ஒருத்தருக்கு வெறும் முடியோட போயிடும், இன்னொருத்தருக்குக் காதையும் எடுத்துக்கும். அடுத்ததுக்கு வருமான்னு கேட்டா பூவா தலையாதான், ஒவ்வொரு தரமும் புதுசா சுண்டணும். இதுல உன் தப்பும் இல்ல, அவர் தப்பும் இல்ல."

மாமியார் காபி கலந்துகொண்டு வந்தார். "உள்ள வந்து உக்காந்து சாப்பிடும்மா" என்று உன்னைக் கூடத்துக்கு அழைத்தார். என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து குழந்தையைத் தன் இடுப்பைவிட்டு இறக்கவும் இல்லை.

அதற்கப்புறம் லீவு கிடைத்தபோதெல்லாம் பஸ் பிடித்து வந்தாய். "முகத்தைக் காட்டிப் பேசுங்க, அவ கண்ணாலதான் கேப்பா" என்று எல்லோரையும் அதட்டினாய். உனக்குப் பயந்து மாமனார்கூட வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பேத்தியிடம் பேசுவார். அவள் படித்தாள், தையல் கற்றாள், கல்யாணம் செய்துகொண்டு ஒரு பிள்ளையும் பெற்றாள். அறுபதுகளில் எனக்கு இரண்டாவதாகப் பிறந்த பையனுக்குக் கன்னங்கரேலென்று முடி, பாம்புக் காது. பூ விழுந்தது என்று உனக்குத்தான் முதலில் ஆளனுப்பினேன்.

அவளுடைய பிள்ளையின் குழந்தைதான் இன்று என் மடியில் கிடக்கிறது. அந்த அசடு, காலேஜ் நாளிலிருந்தே முன்முடிக்கு டை அடிக்கிறான். கட்டிக்கொண்டவளிடம்கூடச் சொல்லவில்லை. கத்தி போய் டை வந்தது, அவ்வளவுதான். என் பெண் அவனுக்குக் கல்யாணமாகும் முன்பே போய்விட்டாள்; அவளுடைய நீலக் கண்ணை நாட்டுப்பெண் பார்த்ததே இல்லை. அவன் மனைவி கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாட்டி, எங்காத்துல யாருக்கும் இந்த மாதிரி கண்ணு இல்ல..." என்று தொடங்கினாள்.

பேரனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல வைக்க வேண்டும். குழந்தையின் காதைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எல்லாம் தெரியும். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருந்ததே, டாக்டரம்மா. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, நீ சொன்ன மாதிரியே சொன்னேன்.

"என்ன அழகான கண்ணுடி இவளுக்கு!"