ரெசின் போட்ட புத்தகம்

இயேசு மரி சூசை

டாலிகஞ்ச், போர்ட் பிளேர்
19.5.2025

அன்பு மகள் பிரவீனாவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் தம்பி டெர்வினும் இங்கே சுகம். நீயும் சுகம் என்று பதில் எழுதிவிடாதே, நம்பமாட்டேன். போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ அழுகிறாய், நடுவில் சிக்னல் வேறு போய்விடுகிறது, அதனால்தான் பேப்பரை எடுத்தேன். பாதியில் மடித்து வைக்காமல் முழுக்கப் படி.

கிறிஸ்துமசுக்கு நீ கொண்டுவந்த அந்த நூலகப் புத்தகம் கப்பலில் ஈரம் பட்டு, முதுகு பிளந்து, தாள் தாளாக வெளியே வந்துகொண்டிருந்தது. நீ பூசைக்குப் போன நேரம் பார்த்து நான்தான் எடுத்துப் பட்டறையில் வைத்து, டிங்கிப் படகுக்குப் போடுகிற அதே ரெசின் பசையைக் கலந்து, ஃபைபர் மேட் துணியில் ஒரு துண்டு வெட்டி முதுகில் ஒட்டிக் காயவைத்து, பாலிதீனில் சுற்றி உன் பைக்குள் வைத்தேன். அங்கே போய்ப் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்றுதான் சொல்லாமல் வைத்தேன். இருபத்தாறு வருடத்தில் நான் ஒட்டிய எந்தப் படகும் பிரிந்து வந்ததில்லை. ரெசின் உள்ளே இறங்கித் தாளையெல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், புத்தகம் அப்புறம் விரியாது என்று எனக்கு எப்படித் தெரியும்? படகை யாரும் விரித்துப் பார்ப்பதில்லையே.

ஆனால் அந்த இரண்டு பல்கலைக்கழகத்தையும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒன்று நீ படிக்கிறது, சாமியார்கள் நடத்துவது, மற்றது நீ இந்தப் புத்தகம் எடுத்தது, சிஸ்டர்கள் நடத்துவது, நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு கேட். ஒரே அட்டையில் இரண்டு நூலகத்திலும் புத்தகம் எடுக்கலாம் அப்பா என்று நீ சேர்ந்த வருடம் எவ்வளவு பெருமையாகச் சொன்னாய். எடுக்கும்போது இரண்டும் ஒரே வீடு, ஒரு தப்பு நடந்தால் மட்டும் நீ யாரோ நான் யாரோ. நீ எங்கள் மாணவி இல்லை, உங்கள் நூலகம் பொறுப்பேற்று எழுதித் தரட்டும் என்று சிஸ்டர்கள் நூலகத்தில் சொல்கிறார்களாம். புத்தகமே எங்களுடையது இல்லை, நாங்கள் என்ன எழுதுவது என்று உன் நூலகத்தில் கேட்கிறார்களாம். நாலு மாதமாக நீ அந்தக் கேட்டுக்குள் போய்ப் போய் வருகிறாய். நூலகத்தில் பாக்கி இல்லை என்ற ஒரு கையெழுத்து இல்லாமல் சான்றிதழ் தரமாட்டார்கள், சான்றிதழ் இல்லாமல் ஜூன் பதினாறாம் தேதி கல்லூரி வேலையில் சேரமுடியாது. உன் எட்டு வருடப் படிப்பு என் ஒரு டப்பா ரெசினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

நானும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. பங்குச் சாமியாரிடம் ஒரு கடிதம் கேட்டேன். அது வேற சபை, இது வேற சபை, நான் எழுதினா யாரு கேப்பா ஜெபராஜ் என்றார். எல்லாரும் ஒரே ஜெபமாலைதானே சொல்கிறீர்கள் என்றேன், சிரித்துவிட்டுக் காப்பி கொடுத்தார். காப்பி யாருக்கு வேண்டும்? அபர்டீன் பஜாரில் புத்தகக்கடை ரவிச்சந்திரனிடம் போட்டோவைக் காட்டி, இதே புத்தகம் புதிதாகக் கிடைக்குமா என்று கேட்டேன். அரே பாய், இது பழைய புக்கு, மெயின்லேண்ட்லயே நஹி மிலேகா, கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார். அம்மா அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றுகிறாள். அவர் காணாமல் போனதைத்தான் கண்டுபிடித்துக் கொடுப்பார், இது கையிலேயே அல்லவா இருக்கிறது. தொலைந்திருந்தால் விலையைக் கட்டிவிடலாம் என்று ஒரு விதி உண்டாம், ஒட்டிக்கொண்டதற்கு விதியே இல்லையாம்.

இவ்வளவும் பொறுத்துக்கொள்வேன். நேற்று டெர்வின், நீ இரண்டு நூலகத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு அம்மாவுக்கு அனுப்பிய விளக்கத்தை அவள் போனில் பார்த்து எனக்கு வாசித்துக் காட்டினான். என் கவனக்குறைவால் நானே ஒட்டிச் சேதப்படுத்தினேன் என்று எழுதியிருக்கிறாய். ஏன் மக்களே? படகு ஒட்டுகிறவன் மகள் என்று சொல்ல அங்கே வெட்கமாக இருந்ததா? அப்படி இல்லை, உங்களை யாரும் முட்டாள் என்று சொல்லக் கூடாதென்றுதான் அவள் அப்படி எழுதினாள் என்று அம்மா சொல்கிறாள். எதுவானாலும் எனக்கு வலிக்கிறது.

இத்துடன் இரண்டு காகிதம் வைத்திருக்கிறேன். புத்தகத்தைப் பழுதாக்கியது நான், என் மகளுக்குத் தெரியாது என்று இரண்டிலும் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்றைச் சுவருக்கு இந்தப் பக்கம் கொடு, மற்றதை அந்தப் பக்கம் கொடு. ஒருவர் காகிதத்தை மற்றவர் ஏற்கமாட்டார்கள் என்றுதான் இரண்டாக எழுதினேன். அப்புறமும் இழுத்தடித்தால், ஜூன் முதல் வாரக் கப்பலுக்கு டெர்வினிடம் டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நானே வந்து அந்தக் கேட்டில் நிற்கிறேன், இரண்டு பக்கத்தாரும் அங்கே வந்து என்னிடம் பேசட்டும். புத்தகத்தை மட்டும் என் கண்ணில் காட்டாதே, இனி அதைத் தொடமாட்டேன்.

காலையில் வெறும் வயிற்றோடு அலையாதே. அம்மா கருவாடு கட்டி வைத்திருக்கிறாள், வந்தால் கொண்டுவருகிறேன். மாதா உன் கூடவே இருந்து காப்பாளாக, அம்மாவும் நானும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம். விளக்கத்தை மறக்காமல் திருத்தி எழுதிக் கொடு. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து நீ நிரப்பிய எல்லாப் படிவத்திலும் தகப்பன் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறாய், இதிலும் எழுது.

உன் அப்பா,
ம. ஜெபராஜ்