‘இறங்கினால்’ என்ற ஒரு சொல்

9.6.1987
மழை. இந்த ஜெர்மன் அகதி விடுதி முழுக்க ஒரே பேச்சு: இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதி போட்டன. பக்கத்து அறை அரியரத்தினம் அண்ணை ஒரு பத்திரிகைத் துண்டோடு வந்தார். இலங்கை ஜனாதிபதியின் பேச்சு. இந்தியப் படை மண்ணில் இறங்கினால் கடைசி ஆள்வரை போரிடுவாராம். எல்லை, மானம், பெரிய நாட்டின் மிரட்டல் என்று ஒரு பத்தி நியாயம். எங்கள் மேல் விழும் குண்டுக்கு அதில் ஒரு வரி இல்லை.

ஜூலையில் அண்ணையின் அகதி வழக்கு. வழக்கறிஞர் மக்டலீன் ஆதாரத்துக்கு அந்தப் பேச்சை ஜெர்மனில் மொழிபெயர்த்துக் கேட்கிறாராம். விடுதியில் ஜெர்மன் எழுதத் தெரிந்தவள் நான்தான்.

12.6
"தங்கச்சி, 'இறங்கினால்' எண்டதை விட்டிடு. போர் வருகுது எண்டு இருக்கட்டும். ஒரு சொல்லுத்தானே."

"ஏலாது அண்ணை."

என் வழக்கும் அதே நீதிமன்றத்தில். பிடிபட்டால்? அவருடைய மனைவி கமலநாயகியும் எட்டு வயது மகளும் உரும்பிராயில். வழக்கு வென்றால்தான் அவர்களைக் கூப்பிடலாம். அவர் கதவடியிலேயே நின்றார்.

13.6
மொழிபெயர்ப்பில் அந்தச் சொல்லை எழுதவில்லை.

14.7
இன்று அண்ணையின் வழக்கு. அகதிகள் மாவட்டம் தாண்ட அனுமதி வேண்டும்; எனக்குக் கிடைக்கவில்லை. நாள் முழுக்க பஸ் தரிப்பிடம்வரை போவதும் வருவதும். நீதிபதி என் மொழிபெயர்ப்புத் தாளை இரண்டு தரம் வாசித்தாராம். தீர்ப்பு தபாலில் வரும்.

30.7
இந்திய-இலங்கை ஒப்பந்தம். ஜனாதிபதியே இந்தியப் படையை அழைத்துவிட்டார்! சமையலறையில் கேசரி கிண்டினார்கள். அண்ணை தொடவில்லை.

19.8
அண்ணையின் வழக்கு நிராகரிப்பு. நாட்டில் சமாதானம் வந்துவிட்டதாம். என் தாளைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தப் பொய்கூட யாருக்கும் தேவைப்படவில்லை. பிறகேன் எனக்கு இவ்வளவு வெட்கம்?

மக்டலீன் மேன்முறையீடு செய்கிறார்.

16.10
இந்தியப் படைக்கும் தமிழ்ப் போராளி இயக்கத்துக்கும் சண்டை. யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை. அண்ணை வானொலியை விட்டு எழும்பவில்லை.

3.12
கொழும்பு வழியாகக் கடிதம். கமலநாயகி அக்கா ஷெல் விழுந்து — ஒக்டோபரிலேயே. ஏழு கிழமை அவர் மனைவி உயிரோடு இருக்கிறா என்று நினைத்தபடி இருந்திருக்கிறார். மகள் சித்தியோடு.

"நான் போறன்" என்றார். மக்டலீனுக்குத் தொலைபேசி எடுத்தேன். போனால் வழக்கு முடிந்தது. திரும்பி வர ஏலாது. மகளையும் கூப்பிட ஏலாது. கடவுச்சீட்டும் அகதி அலுவலகத்தில். ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

5.12
"எனக்கு எழுத வருகுதில்லை. பிள்ளைக்கு நீ எழுது."

"என்ன எழுத?"

"அப்பா வாறன் எண்டு."

எப்போது என்று நான் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்தேன்.