கோலின் சாரின் ஆயிரமாவது டப்பா

2 மார்ச், ஞாயிறு

"டீச்சர், அந்த டப்பாக்குள்ள இருக்கிறது என்னா சாமி?"

ஈப்போவை அடுத்த லகாட் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்தில் செல்லாயி அக்கா போன வாரம் கேட்டது. அது நான் ஒளித்து வைத்த பிளாஸ்டிக் டப்பா. விளையாட்டு எளிது: ஒருவர் டப்பாவை ஒளித்து, இடத்தைக் கைப்பேசியில் போடுவார். தேடிப் பிடிப்பவர் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதினால் அவர் கணக்கில் ஒன்று கூடும். நாம் வைத்தது நம் கணக்கில் சேராது. தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்த முடியாத மாதிரி.

வருகிறவர்கள் கைப்பேசியும் கையுமாக மரத்தைச் சுற்றுகிறார்கள், குனிகிறார்கள், எதையோ எழுதி வைக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு வேறென்ன தோன்றும்? ஒருவர் தாளில் 'இது என் 2416-ஆவது' என்று எழுதியிருக்க, அந்த நாலு நம்பரை லாட்டரியில் வாங்கிய தோட்டத்து உடையப்பனுக்குப் பரிசே விழுந்துவிட்டது. இப்போது மரத்துக்கு மஞ்சள் துணி. அடியில் சிமெண்டு மேடை.

"நாந்தான்க்கா அத வச்சேன்."

"நீங்கதான் வச்சீங்க டீச்சர். வைக்கச் சொன்னது யாரு?"

அறிவியல் டீச்சரிடம் கேட்கிற கேள்வியா இது?

5 மார்ச்

கோலின் சார் 999. நான் 998. நான் வேலை பார்த்த அதே பள்ளியில் அவர் கணக்குப் பாடம் எடுத்தார். ஓய்வு பெற்றும் மார்க் ஆசை இருவருக்கும் போகவில்லை. ஈப்போவைச் சுற்றி இருந்ததையெல்லாம் தேடி முடித்துவிட்டோம். அவருக்கு மீதி என் லகாட் டப்பா மட்டும். வேண்டுமென்றே தொடாமல் வைத்திருக்கிறார்.

"டீச்சர் வச்சதுதான் என் ஆயிரமாவது. சனிக்கிழம போறேன்லா!"

7 மார்ச், வெள்ளி

லகாட் டப்பாவைக் கைப்பேசிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். இனி அதில் பெயர் எழுதினாலும் கணக்கில் ஏறாது. மக்கள் கும்பிடுகிற இடம். மரியாதை வேண்டாமா?

— சார் போகிறேன் என்று சொல்வதற்கு முன்பு, திங்கட்கிழமையே அந்த மரியாதை ஏன் வரவில்லை?

8 மார்ச்

விடிந்ததும், இன்னும் தேடாத தெலுக் இந்தான் ஊருக்குக் காரை எடுத்தேன். ஆற்றங்கரைப் பெஞ்சுக்கு அடியில் ஒன்று, சந்தைக்குப் பின்னால் ஒன்று. ஆயிரம்! யாரிடமாவது சொல்ல வேண்டுமே — மீன் விற்ற பெண்ணிடம் சொன்னேன். "எத்தன கிலோ வேணும்?" என்றாள்.

கோலின் சாருக்கும் அனுப்பினேன். பதில் வந்தது: "வாழ்த்துகள். நான் லகாட்லதான் நிக்கிறேன். லிஸ்ட்ல டப்பாவக் காணோமே. டீச்சருக்குத் திடீர்னு பக்தியா?"

என்னையே கேட்டுக்கொண்டேன்: ஏன்டி இப்படிப் பண்ணே? ஒரு நாள் பொறுத்தா என்னா கொறஞ்சிருக்கும்?

10 மார்ச்

மன்னிப்புக் கேட்கலாம் என்று போன் செய்தால், சார் மறுபடி லகாட்டில். போனேன். மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை அவர் திருதிருவென விழித்துக்கொண்டு நின்றபோது, "போன்ல நம்பர் எத்தன?" என்று செல்லாயி அக்கா கேட்டிருக்கிறார். 999. "மூனு நம்பர வச்சு என்னா செய்ய? முன்னால ஒரு கோசோங் போடு!" கோசோங் என்றால் பூஜ்யம். நேற்று 0999-க்கு மூன்றாம் பரிசு.

"என் நம்பர் ஆயிரம்க்கா," என்றேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். மன்னிப்பு அப்படியே நின்றுபோனது.

12 மார்ச்

பாவம், எல்லாரும் 1000 வாங்கினார்கள். விழவில்லை. செல்லாயி அக்கா போனில் எனக்கு ஆறுதல் சொன்னார்: "விடுங்க டீச்சர். எல்லாரு நம்பருக்குமா சக்தி இருக்கும்?"

6 ஏப்ரல்

நான் 1012. சார் 999-இலேயே நிற்கிறார். "கூட்டினா லகாட்ல கோவிச்சுக்குவாங்க" என்கிறார். விளையாட்டையே கைப்பேசியிலிருந்து எடுத்துவிட்டாராம். இனி நான் யாரை முந்துவது?

இன்று குனோங் ராபாட்டில், அவர் வீட்டுப் பக்கத்துக் கடையில், என் ஆயிரத்துக்கு அவர் செலவில் தோசை. இரண்டு பேர் மேசைக்கே வந்து அவரிடம் நம்பர் கேட்டார்கள். அவர்கள் போனதும் சொல்லிவிட்டேன்.

"நீங்க முந்திப் போய்டக் கூடாதுன்னுதான் சார், அன்னிக்கு டப்பாவ லிஸ்ட்லேருந்து எடுத்தேன்."

"தெரியும் டீச்சர். சட்னி வேணுமா?"

யாரையாவது முந்திவிட்டீர்களா? அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் வாங்கித் தருகிற ஒரு தோசையைச் சாப்பிட்டுப் பாருங்கள்.