மூன்று இலை மிச்சம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் சரியில்லை. போனில் சொல்லலாமென்றால் உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்து அறையிலேயே இருக்கிறார், பேச மட்டும் வரமாட்டார், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

உனக்கும் உன் அப்பாவுக்கும் நடுவில் எனக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. கண் பரிசோதனையில் தேறவில்லை, இனி பஸ் ஓட்டவேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து அவர் ஜன்னல் திரையைக்கூட விலக்காமல் கிடந்தது உனக்கே தெரியும். அப்படிக் கிடந்தவர் ஒரு நாள் காலையில் பால்கனியிலிருந்து கத்தினார், டிவில காட்டுவாங்களே ஹம்மிங்பேர்ட் குருவி, நம்ம வீட்டுப் பூவுக்கே வந்திருக்கு பாரு என்று. நானும் பார்த்தேன். அந்தரத்தில் நின்றுகொண்டு, இறக்கையே தெரியாத வேகத்தில் அடித்துக்கொண்டு, நீள மூக்கைப் பூவுக்குள் விட்டது. அதைப் பார்த்துக் குருவி இல்லையென்று யார் சொல்வார்கள்? மறுநாளிலிருந்து காலையிலேயே சவரம் செய்துகொண்டு, நாற்காலியைப் போட்டு அதற்காகக் காத்திருந்தார். எதிர்வீட்டுக்காரர், லிப்ட் ரிப்பேர் பார்க்க வந்தவர், ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியாயிற்று.

உனக்கும் வீடியோவில் காட்டினார். நீ என்ன செய்தாய்? மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாய். அப்பா, முதல்ல கண்ணாடிய மாத்துங்க, அது குருவி இல்ல, அந்துப்பூச்சி என்றாய். நீ சொன்னது உண்மையாகவே இருக்கட்டும், அதற்காகக் கண்ணைச் சொல்லலாமா? எனக்கு உன்மேல் அவ்வளவு கோபம். அவர்மேலும்தான். பெற்ற பெண் விளையாட்டாகச் சொன்னதற்கு இத்தனை வாரமா போனைத் தொடாமல் இருப்பது? கேட்டால், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால், அது குருவிதான் என்கிறார்.

பிறகு நீ எனக்கு இரண்டு படம் அனுப்பினாயே, ஒன்று அந்தப் பூச்சி, இன்னொன்று அதன் குட்டியாம், வாலில் கொம்பு வைத்த பச்சைப் புழு. அந்தப் புழு என் பழைய விரோதி. என் கார்டீனியாப் பூச்செடியை அது மொட்டையடித்துவிடாமல் இருக்க வாரம் தவறாமல் சோப்புத் தண்ணீர் அடித்தது உன் அப்பாதான். படத்தை மேசைமேல் திறந்து வைத்தேன். எனக்கெதுக்கு அதெல்லாம் என்றார். ஆனால் அதற்குப் பிறகு சோப்புத் தண்ணீர் பாட்டிலைக் காணோம். செடி நாளுக்கு நாள் குச்சியாகிறது. நேற்றுப் பார்க்கிறேன், தரையில் விழுந்த புழுவை ஒரு காகிதத்தில் ஏந்தி, கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, பத்திரமாக என் செடியிலேயே ஏற்றிவிடுகிறார். ஐயோ என் செடி என்று கத்தினேன். மூணு இலை மிச்சமிருக்கே, தின்னுட்டுப் போகட்டும் என்கிறார்.

குருவி எங்கேயடி புழுவாகப் பிறக்கும்? நீ சொன்னது சரியென்று அவர் வாய் ஒருநாளும் சொல்லாது. என் செடியைக் கொடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீதான் இறங்கி வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீயே அவரைக் கூப்பிடு. குருவி, பூச்சி என்று எதுவும் பேசாதே, கண்ணைப் பற்றி மூச்சு விடாதே. வந்துச்சாப்பா என்று மட்டும் கேள், போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு. இருவரும் நல்லபடியாக இருங்கள், என் ஆசி எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
குச்சிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்
உன் அம்மா