மேப்பிள் மரத்தில மூண்டு ஓட்டை

ஒக்டோபர், வியாழன் இரவு

சிவம் அண்ணை பொய் சொல்லுறாரோ எண்டு பின்னேரத்திலயிருந்து மண்டைக்குள்ள ஓடுது.

இல்-பிசார் எண்ட தீவில அவற்ற வளவுக்குள்ள நிண்ட மேப்பிள் மரம் இந்தக் கோடை பட்டுப்போச்சு. பக்கத்து வீட்டுக்காரன் போன வருசம் ஓட்டை போட்டு நஞ்சு விட்டவன் எண்டு வழக்கு. மரங்களைச் சோதிச்சு அறிக்கை குடுக்கிறதுதான் என்ர வேலை; என்னைப் பிடிச்சது அண்ணையின்ர லோயர். ஆனால் மரத்தைப் பார்த்து நான் உண்மை சொல்லவேண்டியது நீதவானுக்கு.

அடிமரத்தில மூண்டு ஓட்டை இருக்கு. உயிரோட நிக்கிற மரம் எண்டால் காயத்தைச் சும்மா விடாது. விளிம்பில புதுப்பட்டை உருண்டு வந்து மூடப் பார்க்கும். இதில நூலளவும் இல்லை. கத்தியால சீவியும் பார்த்தன். மரம் செத்தாப்பிறகுதான் ஆரோ துளைச்சிருக்கினம். செத்த மரத்துக்கு நஞ்சு வைக்க அந்தப் பக்கத்து வீட்டு மனுசனுக்கு என்ன விசரா?

நான் படமெடுக்கேக்க அண்ணை பின்னாலயே நிண்டவர்.

"மூண்டு ஓட்டையும் வடிவாத் தெரியுதுதானே, தங்கச்சி?"

"எல்லாம் பார்த்துத்தான் சொல்லலாம், அண்ணை."

"எங்கட பிள்ளை எண்டுதானே லோயரிட்ட உங்கட பேரைச் சொன்னனான்" எண்டு சிரிச்சார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கேல்லை.

வெளிக்கிடேக்க அவற்ற மனிசி ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறியைக் கையில திணிச்சா. மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டு வந்திட்டன். பிள்ளையள் வழிச்சுத் துடைச்சுச் சாப்பிட்டிட்டுதுகள்.

கழுவின சட்டி இப்ப எனக்கு முன்னால கிடக்குது. எங்கட ஆக்களில சட்டியை ஒருத்தரும் வெறுமையாத் திருப்பிக் குடுக்கிறேல்லை. அது தெரிஞ்சுதான் அறிக்கை எழுதப்போறவளின்ர கையில தந்தவை.