முசரவாக்கத்தில் திரும்பிய வண்டி

நைனா,

நேற்று சாயங்காலம் காய்கறி வாங்கிக்கொண்டு வரும்போது தேரடிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வேன் நின்றிருந்தது. பின்கதவைத் திறந்து வைத்து, உள்ளேயே யாரோ உப்புமாவுக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்கள். கடுகு வெடிக்கிற வாசனையும் சூடான என்ஜின் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. பெங்களூர்ப் பிள்ளைகள். வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுத்து, ஊர் ஊராகச் சுற்றுகிறார்களாம். "நல்லா இருக்குல்ல ஆன்ட்டி?" என்று ஒரு பெண் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் பையைக் கீழே வைத்ததும், காய்கறியை எடுத்து வைக்காமல் காகிதத்தைத் தேடினேன். நீ போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, உன் மேல் இருக்கிற கோபம் மட்டும் ஆறவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் வண்டியை அந்தப் பிள்ளைகள் பார்த்திருக்க வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஏதோ ரொட்டிக் கம்பெனி ஏலத்தில் விட்ட வேன். மழை பெய்தால் வெளியே நிற்பதே மேல். பழைய தறியின் கட்டைகளை அறுத்து நீயே படுக்கை செய்தாய். ஸ்டவ் ஆடாமல் இருக்கப் பலகையில் குழி வெட்டி உட்கார வைத்தாய். அம்மா தன் பழைய புடவையைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை தைத்தாள். நம் தெருவில் காசிக்கு ரயிலில் போய் வந்தவர்கள் உண்டு. வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு போனவன் நீ ஒருத்தன்தான். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வளைந்த மனுஷன், ஸ்டியரிங்கைப் பிடித்ததும் நிமிர்ந்துவிட்டாய். அந்த அழகை நான் இல்லையென்று சொல்லமாட்டேன்.

எனக்கு அப்போதுதான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்திருந்தது. சொன்ன தேதியில் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். நம் தெருவில் அதுவரை ஒரு பெண்ணும் சர்க்கார் வேலைக்குப் போனதில்லை. காசி யாத்திரைக்கு நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். அம்மாவுக்கு முட்டிவலி, வழியில் சமைக்க ஆள் வேண்டும் என்றாய். "அதுக்கு முந்தின வாரமே வந்துடுவோம்மா. இதே வண்டியில உன்ன எக்ஸ்சேஞ்ச் வாசல்லியே எறக்கி வுடறேன், பாத்துக்கினே இரு" என்றாய். நம்பினேன். போகிற வழியெல்லாம், பாஷை தெரியாத பெட்ரோல் பங்க்கில்கூட, என்னைக் காட்டி, காதில் கையை வைத்து, "ஹலோ ஹலோ, மை டாட்டர்" என்று சொல்லிச் சிரித்தவன் நீ. எனக்கு வெட்கமாக இருக்கும். உள்ளுக்குள் குளிர்ந்து போகும்.

முறைப்படி போனால் முதலில் ராமேஸ்வரம். அங்கே கடல் மணல் எடுத்துப் போய் கங்கையில் விட வேண்டும். கங்கைத் தண்ணீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்த பிறகுதான் வீட்டு வாசற்படி மிதிக்க வேண்டும். நாம் முதல் பாதியையே விட்டுவிட்டு நேராகக் காசிக்குக் கிளம்பியவர்கள். திரும்பும்போது வண்டி வழியில் படுத்துக்கொண்டு நாளைத் தின்றது. அதனால் திருப்பதியில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். முதலில் வீடு. நான் வேலையில் சேர்ந்த பிறகு நீயும் அம்மாவும் ரயிலில் ராமேஸ்வரம். அம்மாகூடத் தலையாட்டினாள். "ராமநாதர் எங்க ஓடிப் போவப் போறாரு" என்று சொன்னது யார்? நீதான்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை நான் வேலையில் சேர வேண்டும். ராணிப்பேட்டை தாண்டியதுமே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாத்திரங்களைக் கழுவி மூட்டை கட்டினேன், தலையை அவிழ்த்துப் பின்னினேன், மறுபடி அவிழ்த்துப் பின்னினேன். நீ கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாய். முசரவாக்கத்தில் வண்டி சூடேறிவிட்டது. தண்ணீர் ஊற்ற ஒரு டீக்கடையில் நிறுத்தினாய். இன்னும் கொஞ்ச தூரம் போனால் நம் ஊர்க் கோபுரம் தெரியும்.

அங்கே டீக்காகக் காத்துக்கொண்டிருந்தார் நம் தெருக்கோடி வீட்டுக்காரர், சைக்கிளில் வந்தவர். உன்னைப் பார்த்துச் சந்தோஷமாக ஓடிவந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பிறகு பேச்சோடு பேச்சாக ஒன்று கேட்டார்.

"இன்னா மாமா, ராமேஸ்வரமும் முடிச்சுக்கினுதானே வர்றீங்க?"

இல்லையப்பா, பொண்ணுக்கு வேலை, அடுத்த மாசம் போகிறோம் என்று சொல்லியிருந்தால் அவர் டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பார். உன் முகம் ஒரு நிமிஷம் செத்துப் போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"இதோ அங்கதாம்பா போய்க்கினு இருக்கறோம். ஊருக்குள்ள நுழையாம சுத்திக்கினு போறோம்."

"அதான பாத்தேன். முறை தெரிஞ்சவராச்சே நீங்க."

அவர் போகும்வரை நீ ஏதோ விளையாட்டாகச் சொன்னாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நீ வந்து வண்டியைக் கிளப்பி, ஊர்ப் பக்கம் போகாமல், கிராமத்துப் பாதையில் திருப்பியபோதுதான் விளையாட்டில்லை என்று புரிந்தது.

"நைனா, நாளைக்கு நான் சேரணும்."

"தெரியும்மா."

"அப்ப என்ன மட்டும் இங்க எறக்கி வுடு. பஸ்ல போய்க்கறேன்."

"ஒருத்தர் வாசப்படி மிதிச்சாலும் எல்லாரும் மிதிச்ச கணக்குதான் கண்ணு."

"நான் வூட்டுக்கே போவல. என் கூடப் படிச்ச சரோஜா வூட்ல தங்கிக்கறேன்."

"அவ வூடு ஊருக்கு வெளியிலயா இருக்குது?"

"அவருகிட்ட பொய் சொன்னது நீ. நான் எதுக்கு ராமேஸ்வரம் வரணும்?"

நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இந்நேரம் தெருவெல்லாம் சொல்லியிருப்பான். நாளைக்கு உன்ன ஊர்ல பாத்தா நாலு பேர் இன்னா கேப்பாங்க? நான் இன்னா சொல்றது?" என்றாய்.

வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். நிறுத்தினாய். இறங்கி வந்த வழியே நடந்தேன். நீ வண்டியைத் திருப்பி என் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தாய். ஹாரன்கூட அடிக்கவில்லை. கடைசியில் அம்மா இறங்கினாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரப் புழுதியில் உட்கார்ந்தாள். "நீ ஊருக்குள்ள போனா நான் இங்கியே கெடக்கறேன். என்ன எழுப்ப வராதீங்க" என்றாள். அவள் உட்கார்ந்தால் தானாக எழுந்திருக்க முடியாது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளைத் தூக்கிவிட்டேன். தூக்கினவள் கூடவே வண்டியில் ஏற வேண்டியதாகிவிட்டது.

ஊரைச் சுற்றிக்கொண்டு மாகறல் போய்ச் சேரும்வரை இடது பக்க ஜன்னலை நீ திறக்கவிடவில்லை. தூசி வருகிறது என்றாய். அந்தப் பக்கம்தான் ஊர் இருந்தது.

திங்கட்கிழமை காலை நான் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தில், திருச்சி தாண்டி ஒரு புளியமரத்தடியில் உனக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். ருசியாக இருக்கிறது என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். எப்படி உனக்குச் சோறு இறங்கியது நைனா? இன்றைக்கும் எனக்கு அது புரியவில்லை. ராமேஸ்வரத்தில் அபிஷேகம் முடிந்து என் தலையில் கை வைத்து, "உனக்கும் சேத்துதாம்மா வேண்டிக்கினேன்" என்று கண் கலங்கினாய். நான் உன் கையைத் தட்டிவிட்டேன். பிரகாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதும் நீ என்னைப் பார்க்கவில்லை, அவர்களைத்தான் பார்த்தாய்.

திரும்பி வந்தபோது தெருவே மேளத்தோடு வந்து உன்னை அழைத்துப் போனது. மறுநாள் எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். என் நாற்காலியில் வேறொரு பெண் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். "உக்காருங்க அக்கா" என்று ஸ்டூலைக் காட்டினாள். அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணம் செய்து வைத்தாய். வந்தவர் நல்லவர், அவரைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் போன் வந்த பிறகு, அது அடிக்கும்போதெல்லாம் வேறு யாரையாவது எடுக்கச் சொல்வேன். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. நீயும் கேட்கவில்லை.

சாகும்வரை நீ அந்தக் கதையைச் சொன்னாய். காசியையும் ராமேஸ்வரத்தையும் ஒரே மூச்சில், சொந்த வண்டியில் முடித்தவன் என்று. ஊர் எல்லை வரை வந்தும் வீட்டை எட்டிப் பார்க்காமல் போனதைச் சொல்லும்போது உன் குரலே ஏறிவிடும். கேட்பவர்கள் அசந்து போவார்கள். வண்டிக்குள் ஒருத்தி இருந்தாள் என்பது மட்டும் உன் கதையில் வராது. ஒருநாள் பொறுக்கமுடியாமல் அந்தத் தெருக்கோடி வீட்டுக்காரரிடமே போய், அன்றைக்கு ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்றேன். மனுஷர் திருதிருவென்று விழித்தார். "நானாம்மா? முசரவாக்கத்துலயா? ஞாபகமே இல்லியே" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? நீ யாருக்குப் பயந்தாயோ அவருக்கு அந்தக் கேள்வியே நினைவில் இல்லை.

நீ செத்த வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் கருமாதிக்கு இன்னும் நாள் இருந்தது. என் மகளுக்கு மெட்ராஸில் வேலை கிடைத்து, சேர வேண்டிய நாள் நடுவில் வந்து விழுந்தது. அத்தை, உன் தங்கைதான், என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "தாத்தா காரியம் முடியாம பேத்தி தெரு தாண்டறதா? கேட்டா இன்னாடி சொல்லுவே?" என்றாள். என் மகளே பயந்துவிட்டாள். "அம்மா, போன் பண்ணி ரெண்டு வாரம் டைம் கேக்கறேன்மா" என்றாள். வேண்டாம் என்றேன். காலையில் அவள் பையை நான் வாங்கிக்கொண்டு, அவளை முன்னால் விட்டு, வாசல் பந்தல் வழியாகவே நடந்தேன். தெரு ஆண்கள் எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கேம்மா என்று ஒருவர் கேட்டார்.

"வேலைக்கு. இன்னிக்கு சேரணும்" என்றேன்.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை நைனா. கேட்டவர் எழுந்து நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். அவ்வளவுதான். அன்றைக்கு முசரவாக்கத்திலும் அவ்வளவுதான் இருந்திருக்கும்.

பஸ் ஏற்றிவிட்டு வந்து உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அப்பாவை நினைத்து அழுகிறாள் என்று பெண்கள் தண்ணீர் கொடுத்தார்கள். உன்மேல் வந்த ஆத்திரத்தில்தான் அழுதேன். அந்த ஆத்திரத்தை விட்டுவிடச் சொல்கிறார்கள் இப்போது, வயதாகிவிட்டதே என்று. விடமாட்டேன். நீ எனக்கு விட்டுப்போனதில் உதவிக்கு வந்தது அது ஒன்றுதான். அது இல்லாமல் இருந்திருந்தால் நானும் அன்று என் மகளிடம், ரெண்டு வாரம் டைம் கேளு என்றுதான் சொல்லியிருப்பேன்.