இரண்டாவது சுற்று

கல்குடா
12.07.2009

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், வால் மட்டும் நாளுக்கு நாள் நீளுகிறது. வீட்டில் சுகமில்லாத ஒரே ஆள் அப்பாவின் முழங்கால்.

சுனாமியில் அம்மாவைக் கொண்டுபோன கடல் உடைத்துப்போட்ட அதே முழங்கால்தான். உள்ளே பொருத்திய இரும்பு கழன்றுவிட்டதாம். சென்றிச் சோதனையில் ஆமிக்காரனின் மெசின் அப்பாவைக் கண்டாலே கத்தும். ஆனால் பள்ளிக்கூடத்துக் காந்தத்தைக் களவாய்க் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. "போலி இரும்ப வச்சி ஏமாத்திப்போட்டாங்க அப்பா" என்றேன். குட்டு விழுந்தது.

கழன்ற காரணம் உனக்கு மட்டும். நீயும் ஜெயந்தனும் சண்டைக்குள்ளிருந்து உயிரோடு வந்தால், ஆளுக்கொரு சுற்று சித்தாண்டி முருகன் கோயில் வீதியை முழங்காலில் சுற்றுவதாக நேர்ந்திருந்தார். முகாமிலிருந்து உன் கடிதம் வந்த கிழமையே உன் சுற்றை முடித்துவிட்டார். டொக்டரிடம் "தோணியில வழுக்கிட்டன்" என்று பொய்.

அடுத்த மாதம் கொழும்பில் ஒபரேசன். அதற்குப் பிறகு முழங்காலில் நிற்கவே கூடாதாம். "அப்ப பேரன்ட சுற்ற முதல்ல முடிக்கோணும் மனே" என்று பிடிவாதம். இன்னொரு சுற்றென்றால் கால் மிஞ்சாது.

உன் கடிதத்தில் என் பெறாமகன் ஜெயந்தனைப் பற்றி ஒரு வரியும் இல்லையே? மூன்று வயதுத் துரை சுகம், அவன் சுற்றை நீயே வந்து சுற்றுவாய் என்று எழுதிவிடு. நீ சொன்னால் கேட்பார்.

உன் குரங்கு,
பிரஷாந்தி

---

வவுனியா முகாம்
26.07.2009

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே வெயில். தண்ணீருக்கு வரிசை.

அப்பாவை ஒபரேசனுக்குக் கூட்டிக்கொண்டு போ. அந்தச் சுற்று தேவையில்லை என்று சொல். நானும் சுற்றத் தேவையில்லை.

காந்தத்தைத் திருப்பிக் கொடு.

அக்கா,
கஜானி

---

கொழும்பு
18.08.2009

அன்புள்ள அக்காவுக்கு,

காந்தத்தைக் கொடுத்துவிட்டேன்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு அப்படியே வாசித்தேன். "ம்" என்றார். சாரன்களை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினார்.

நேற்று ஒபரேசன். இடுப்புக்குக் கீழே விறைக்க ஊசி போட்டார்கள், ஆள் விழித்தபடிதான். பழையதைக் கழற்றும்போது தொடையெலும்பின் நுனியும் கொஞ்சம் கூடவே வந்துவிட்டதாம். அளவுத் துண்டுகளை மாற்றி மாற்றி மாட்டி, காலை மடித்து நீட்டிப் பார்த்தார்களாம். சின்னது ஆடியதாம், பெரியது மடியவில்லையாம். கடைசியில் எலும்பு போன இடத்துக்கு இரும்புத் துண்டு வைத்து, நீளக் காம்புள்ள புதியதை எலும்புக்குள் அடித்து இறக்கினார்களாம். சுத்தியல் சத்தம் எல்லாம் கேட்டதாம்.

"போன எலும்பு வளருமா டொக்டர்?" என்று கேட்டாராம்.

"இல்ல ஐயா. ஆனா நடக்கலாம்."

நீ வரும் நாளில் வாசலில் நிற்பாராம். எழுதச் சொன்னார். வேறொன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை அக்கா.

நேற்றுப் பின்னேரம் தமிழ் தெரிந்த தாதி ஒருவர், விறைப்பு விட்டதா என்று பார்க்கப் பாதத்தைக் கிள்ளி, "நோகுதா ஐயா?" என்றார்.

"இல்ல மனே" என்றார் அப்பா.

பெருவிரல் ஆடிக்கொண்டே இருந்தது.

பிரஷாந்தி